நாற்பத்தொன்றாம் கார்டு

இருட்டிய பிறகு பெண்கள் விடுதியின் பின்கதவில் அந்தச் சத்தம் கேட்டது. ‘கீங்’ என்று ஒரே முறை. கார்டைக் காட்டும்போது பூட்டு எழுப்பும் சத்தம்.

பக்கத்து அலுவலக அறையிலிருந்து பிளெஸ்ஸியும் ஹசீனாவும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தது. நடையில் ஆள் இல்லை.

பிளெஸ்ஸி குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள். விடுதி அலுவலக வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவள், கணவன் ஜெரால்டின் அடி தாங்காமல் போன வாரம் இங்கேயே குடிவந்துவிட்டாள். கதவைத் திறக்கும் அவளுடைய பழைய கார்டு அவன் வீட்டில் கிடந்தது. எண் நாற்பத்தொன்று.

“இந்த வாரக் கதவுப் பதிவுல தேடுங்க அக்கா” என்றாள் ஹசீனா. பிளெஸ்ஸிக்குக் கணினி கற்றுத்தருபவள். வயதில் சின்னவள். கேலியாக அவளைக் குரு என்று பிளெஸ்ஸி கூப்பிடுவது வழக்கம்.

பிளெஸ்ஸி, கேட்டது இருக்கும் வரிகளைத் தேடித்தரும் ‘கிரெப்’ கட்டளையில் 41 என்று தட்டினாள். வரிகள் திரையை நிறைத்து ஓடின.

“ஐயோ குருவே, இத்தனை தடவை வந்திருக்கானா!”

“கம்ப்யூட்டர்கிட்ட என்ன கேட்டீங்க?”

“நாற்பத்தொண்ணு.”

“நாலும் ஒண்ணும் ஒட்டி நிக்கிற எல்லாத்தையும் அள்ளிட்டு வந்திருக்கு. இது 141. இது ஆறு நாற்பத்தொண்ணுக்கு யாரோ பால் வாங்கப் போனது. பால்பாக்கெட்டுக்கா நடுங்குறீங்க?”

பிளெஸ்ஸிக்குச் சிரிப்பு வரவில்லை. ‘கார்டு=41’ என்று திருத்தினாள். வரிகள் குறைந்தன.

“இன்னும் இருக்கே?”

“412, நம்ம சமையல்காரம்மா. 41க்கு அப்புறம் எதுவும் வரக்கூடாதுன்னு நீங்க சொல்லலையே.”

“எனக்குப் பயமா இருக்கு. பயப்படாதேன்னாவது ஒரு வார்த்தை சொல்லேன்டி.”

“எதுக்குப் பயம்னு இன்னும் பார்க்கலையே அக்கா. வரி அங்கேயே முடியணும். கடைசியில டாலர் குறி போடுங்க.”

போட்டாள்.

எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு வரி நின்றது. பின்கதவு. இன்றைய தேதி. சற்றுமுன் சத்தம் கேட்ட நேரம்.

“புதுக் கார்டு குடுத்தா பழசு தானா செத்துடும்னு நினைச்சேன்” என்றாள் பிளெஸ்ஸி.

“நாமதான் கொல்லணும்.” பழைய கார்டை ரத்து செய்ய ஹசீனா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். மடியைக் காட்டினாள். “குழந்தையைக் குடுங்க. இப்ப பயப்படுங்க.”

பிளெஸ்ஸி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். பின்கதவுக்கு ஓடினாள். கார்டுப் பூட்டு வந்தபிறகு யாரும் தொடாத தாழ்ப்பாள், துருவேறி அசைய மறுத்தது. இரண்டு கைகளாலும் தள்ளினாள். தாழ் அதன் துளைக்குள் போய் விழுந்தது.