எழுபத்தெட்டு கிலோ

தெய்வசிகாமணி சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில். கன்னம் வீங்கியிருந்தது. வலியோடு என்னைப் பார்த்தவர் என் நலம் விசாரிக்கவில்லை. "அந்த மூட்டை இன்னும் இருக்காய்யா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு சார்."

"சால்வையோடயா?"

"சால்வையோடதான் சார்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் காலமாகிவிட்டார்.

சங்குக்கரட்டு மலைக் கோயிலுக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு படி. முட்டி தேய்ந்தவர்களுக்காக ஒரு ரோப் கார் உண்டு. ஆறு பேர் உட்காரும் ஒரே பெட்டி. கீழ் நிலையத்தில் நான் டிக்கெட் கொடுத்தேன், ஒப்பந்தக் கூலிக்கு. தெய்வசிகாமணி சாரின் கண்காணிப்பில் ரோப் காரைப் பராமரித்தவர்கள் மூன்று பேர். விசையைப் பிடிப்பவர் மாசிலாமணி, பிரேக் பார்ப்பவர் பெத்தண்ணன், கிரீஸ் போடுபவன் ஒண்டிமுத்து. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அதுதான் ஆபத்து.

ஒருமுறை சார், "சுழலுறது ஒண்ணு விடாம கிரீஸ் போடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது வடம் ஓடும் சக்கரங்களோடு என் அறை மின்விசிறியும், மடப்பள்ளி கிரைண்டரும் பளபளத்தன. ஒண்டிமுத்து ஏணிமேல் நின்று சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்று பிரசாத வடை வாங்கியவர்கள் யாரும் இரண்டாவது கேட்கவில்லை.

அந்த வருடம் ஒரு மாதப் பராமரிப்பு முடிந்த நாளும் சார் ஓய்வு பெறும் நாளும் ஒன்றாக அமைந்தன. மாலை ஐந்து மணிக்குக் கீழே பந்தலில் பாராட்டு விழா. அதிகாரி வருகிறார், சால்வை போடுகிறார். சாருக்கு முப்பத்தோரு வருடத்தில் யாரும் சால்வை போட்டதில்லை. சம்பந்தி வீட்டாரை வேறு அழைத்திருந்தார். காலையிலிருந்தே புதுச் சட்டையில்தான் இருந்தார்.

பத்து மணிக்கு, மேல் நிலையத்துப் பெரிய சக்கரத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியில் ஏறினார். ஏறும்போது மூவரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்:

"நான் பார்த்துட்டு, கீழே வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போடுற வரைக்கும் பெட்டியை நகர்த்தக் கூடாது. யார் சொன்னாலும் கூடாது. நானே சொன்னாலும் கூடாது."

போன வருடம் ஒரு தேங்காய்க்கடைக்காரர் சொன்னார் என்று பழுதுபார்ப்பு பாதியில் இருக்கும்போதே பெட்டியை ஓட்டியவர்கள் இவர்கள். அதனால்தான் அந்தக் கடைசி வரி. நல்ல எண்ணத்தில் சொன்னது.

பதினொன்றரைக்கு மேலிருந்து போன் வந்தது. "சக்கரம் நல்லா இருக்கு. பெட்டியை இறக்கு."

"கையெழுத்து ஆகலீங்களே சார்," என்றார் மாசிலாமணி.

"கீழே வந்துதான்யா போடணும்."

"அதேதாங்க சார் நாங்களும் சொல்றோம். வாங்க."

"பெட்டி இல்லாம எப்படிய்யா வருவேன்? முட்டி இருக்கிற இருப்புல?"

மாசிலாமணி போனைக் கையால் மூடிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். பெத்தண்ணன் யோசித்துச் சொன்னார்: "சார் நம்மளச் சோதிக்கிறாரு. நானே சொன்னாலும்னு காலையிலயே சொன்னாருல்ல?"

"கடைசி நாள்ல நம்மளக் கெட்ட பேர் வாங்க வைக்கப் பாக்குறாரு," என்றான் ஒண்டிமுத்து.

நான் குறுக்கே புகுந்து, "அவர் இறங்கத்தானேப்பா பெட்டி?" என்றேன். நீ நிரந்தர ஊழியரா என்று பெத்தண்ணன் கேட்டார். இல்லை என்றேன். பிறகு நான் டிக்கெட் கட்டை எண்ணப் போய்விட்டேன்.

பதிவேட்டை மேலே அனுப்பச் சொன்னார் சார். அதன் அட்டையில் 'இவ்வறையை விட்டு எடுத்துச் செல்லக் கூடாது' என்று அவரே சிவப்பு மையில் எழுதியிருந்தார். படித்துக் காட்டினார்கள். மூவரும் வந்து தூக்கி இறக்குவதாகச் சொன்னார்கள். புது மோட்டாரை அவர்கள் தூக்கி வந்த அழகைப் பார்த்தவர் ஆதலால், வேண்டாம் என்றார்.

மூன்று மணிக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. "மாசிலாமணி, சோதனை ஓட்டத்துக்குக் கையெழுத்து தேவையா?"

"தேவையில்லீங்க. சுவத்துல மாட்டியிருக்கிற விதிப் பலகையிலேயே போட்டிருக்கு."

"அப்ப சோதனை ஓட்டம் ஓட்டு. நான் ஏறிக்கிறேன்."

பலகையை மறுபடி படித்தார்கள். சோதனை ஓட்டத்தில் ஆள் ஏறக் கூடாது, பயணியின் எடைக்கு மணல் மூட்டை வைக்க வேண்டும் என்று இருந்தது.

"உங்க எடை எவ்வளவுங்க சார்?"

"எழுபத்தெட்டு."

"எழுபத்தெட்டு கிலோ மூட்டை ஒண்ணு ஏத்துங்க. அது பத்திரமா வந்துட்டா நீங்களும் பத்திரமா வரலாம்."

மேலே மண்டப வேலைக்குக் கொட்டிய மணல் இருந்தது. சாரும் மேல் நிலையக் காவலாளியும் அள்ளி, அன்னதானக்கூடத் தராசில் நிறுத்து, கட்டி, பெட்டியில் ஏற்றினார்கள். சட்டை போன போக்கு சொல்ல வேண்டாம். நாலு மணிக்கு மூட்டை ஒரு குலுங்கல் இல்லாமல் கீழே வந்து சேர்ந்தது. மூவரும் கைதட்டினார்கள்.

"வெற்றிங்க சார்," என்று போனில் சொன்னார் மாசிலாமணி.

"சரி, பெட்டியை மேலே அனுப்பு."

"கையெழுத்துங்க சார்."

மறுமுனையில் போன் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்துக் காவலாளிதான் எடுத்தார். சார் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர ஆரம்பித்துவிட்டாராம்.

ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார். ஆறு மணிக்கு வேறு ஊரில் திறப்பு விழா. "எங்கய்யா தெய்வசிகாமணி?"

"அவரு வந்துட்டிருக்காருங்க. அவரு எடை வந்திருச்சு," என்றார் மாசிலாமணி. அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

காலி நாற்காலிக்குச் சால்வை போட முடியாது என்று அதிகாரி முகம் சுளித்தார். மூவரும் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதிகாரி எழுதி வந்த தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், இவரைப் போல் அசைக்க முடியாத ஊழியரைப் பார்த்ததில்லை என்று பேசி, சால்வையைப் போர்த்தி, போட்டோவுக்கு நின்று, காரில் ஏறினார். சம்பந்தி எழுந்து மூட்டைக்கு ஒரு கும்பிடு போட்டார். சபை மரியாதை தெரிந்த குடும்பம்.

ஆறேகாலுக்குச் சார் கடைசிப் படியில் வந்து இறங்கினார். வேட்டியின் பின்பக்கம் இல்லை. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்க," என்றார். "நீங்களும் இருந்திருக்கலாம்."

சார் நாற்காலியைப் பார்த்தார். சால்வை பச்சைப் பட்டு, ஜரிகைக் கரை. அதைத் தொடப் போனவரின் கையில் மாசிலாமணி பேனாவைத் திணித்தார். பெத்தண்ணன் பதிவேட்டு அறைக் கதவைத் திறந்து பிடித்தார்.

"சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க சார். பெட்டியை மேலே அனுப்பணும்."

"எதுக்கு?"

"உங்களைக் கீழே இறக்கத்தாங்க."

சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியோடு ஆட்டோ ஏறிப் போனார். பெட்டி மேலே போயிற்று, வந்தது. ஒண்டிமுத்து கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தான். "அண்ணே, சார் வரலை," என்றான். மூவரும் ஏழு மணிவரை நாலு தடவை பெட்டியை அனுப்பிப் பார்த்தார்கள்.

சால்வையைச் சாரின் வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். சோதனை எடையில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று பலகையில் இருக்கிறதாம்.

மூட்டை கீழ் நிலையத்தில் அந்த நாற்காலியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பராமரிப்பு முடிந்ததும் முதல் ஓட்டம் அதற்குத்தான். மணல் கசிந்து, இந்த வருடம் எடை போட்டபோது, சால்வையோடு சேர்த்து எழுபத்தாறு கிலோ.