புறா போன வழி

ராஜா சிவகீர்த்திக்கு வடக்கே பனிமலையில் இரண்டு கோட்டைகள் இருந்தன. ஒன்று வெண்கோடு, மற்றது கூகைமுடி. இரண்டிலும் சேர்த்து ஆட்களைவிடப் பனிதான் அதிகம். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று தெரியாமல் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. கோடைக்கு வெண்கோட்டில் வந்து தங்கியதும் சபையில் அதைத்தான் கேட்டார்.

அமைச்சர் பூதநாதர் காத்திருந்தவர்போல எழுந்தார். அவருக்குப் புதிதாகப் புறாப் பித்துப் பிடித்திருந்தது. விடியும்போது கூகைமுடியில் திறந்துவிட்ட தன் புறா மூன்றே நாழிகையில் வெண்கோட்டு மாடத்துக்கு வந்துவிட்டதாகவும், தூரம் ஐந்து காதம்தான் என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இதே தூரத்துக்கு ஓலை சுமக்கும் சடையன் நான்கு நாள் எடுக்கிறான், வழியில் படுத்துத் தூங்குகிறான் என்றும் போட்டுக்கொடுத்தார்.

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சடையன் நாளைக்கே மூன்று நாழிகையில் கூகைமுடிக்கு ஓலை கொண்டுபோக வேண்டும், தவறினால் சிறை என்று உத்தரவு போட்டார். சபை வாசலில் நின்றிருந்த சடையன் பனியில் வெடித்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டான். அவனை நம்பி வீட்டில் ஐந்து வாய்.

ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் உட்கார்ந்திருந்த கூத்தப்பருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்ததும் அவனைக் காப்பாற்ற நினைத்தார். ஆனால் ராஜாவிடம் நேரே போய் நியாயம் கேட்டால் வேலைக்கு ஆகாது என்பது அவர் பட்டு அறிந்த விஷயம். அதனால் அமைச்சரைப் புகழ ஆரம்பித்தார். இப்படிப்பட்ட புறா இருக்கும்போது சடையன் எதற்கு, ஓலையை அதன் காலிலேயே கட்டி அனுப்பலாமே என்றார்.

அமைச்சர் பூரித்துப்போனார். ஓலையைக் கட்டி, ஜன்னலருகே நின்று தன் கையாலேயே பறக்கவிட்டார். புறா ஒரு வட்டம் அடித்தது. பிறகு எதிரே இருந்த தன் மாடத்தில் இறங்கிக் கம்பு மணி பொறுக்க ஆரம்பித்தது. மூன்று முறை விரட்டினார்கள். மூன்று முறையும் அதே மாடம், அதே கம்பு.

"கூகைமுடி அந்தப் பக்கம் அல்லவா?" என்றார் ராஜா.

அமைச்சர் புறாவையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். புறா வருகிற நேரத்தில் மாடத்தடியில் நிற்பது மட்டும்தான் அவர் பங்கு. அது கூகைமுடிக்கு எப்படிப் போயிற்று என்று அவர் கேட்டதே இல்லை.

கூத்தப்பர் சடையனைப் பேசச் சொன்னார்.

"வளர்ந்த கூட்டுக்கு மட்டுந்தாஞ் சாமி அது பறக்கும். கூகைமுடிக்கு நான்தான் கூடையில வச்சுத் தலையில சுமந்துட்டுப் போனேன், நாலு நாளு. குளிர்ல நடுங்குச்சின்னு என் கம்பளியையும் அதுக்கே போத்திவிட்டேன்."

"அமைச்சர் சொன்னதில் பிழையே இல்லை மகாராஜா," என்றார் கூத்தப்பர். "புறா போன நான்கு நாளை மட்டும் விட்டுவிட்டார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சடையனுக்குப் புதுக் கம்பளியும் ஒரு மாத ஓய்வும் கொடுத்தார். பிறகு அமைச்சரிடம் திரும்பினார்.

"அவன் திரும்பி வரும்வரை கூடையை நீரே தலையில் எடுத்துக்கொள்ளும். ஐந்து காதம்தானே, மூன்று நாழிகை தருகிறேன்."