அரசருக்கு ஆறு அடி

இன்றைக்கு இவர் சிரிக்காமல் போனால்? சிரிக்கிறவர்தான். ஆனால் வயிறு சரியில்லாத ஒரு காலையில் இதே மனிதர் ஒரு பாடகரை நாடு கடத்தியிருக்கிறார்.

இப்படி நினைத்துக்கொண்டே சபைக்கு வெளியே நின்றாள் உமையாள். வெகு காலத்துக்கு முன், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், அரசரைச் சிரிக்க வைப்பது அவள் வேலை. சிரிப்பு எழுவதற்கு முந்திய அந்த ஒரு கணத்தில் அவள் எவ்வளவு பயந்தாள் என்பதை யாரும் அறிந்ததில்லை.

அந்த நாட்டில் வீட்டுக்கும் கடைக்கும் வரி உண்டு. தர்மச்சாலைகளுக்கும், ஊரார் சேர்ந்து நடத்தும் விளையாட்டுக் கூடங்களுக்கும் இல்லை. தெற்குத் தெருச் சிலம்பக்கூடத்தில் காலையில் கம்பு சுற்றுவார்கள். மதியம் அதே தரையில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். தாயில்லாத உமையாள் எட்டு வருஷம் அந்தக் கஞ்சியில் வளர்ந்தவள்.

அவளுடைய கேலிக்கு ஆளாகி வருஷக்கணக்காக அவள்மேல் வன்மம் வைத்திருந்த வரி அதிகாரி மழவராயருக்கு இது தெரியும். அரசருக்குப் பிரியமானவளைத் தொட முடியாததால் கூடத்தில் கை வைத்தார்.

"அரசே, கஞ்சி தர்மம், ஒப்புக்கொள்கிறேன். கம்பு சுற்றுவது என்ன தர்மம்? சும்மாவா அத்தனை பேர் தினமும் போகிறார்கள்? அவர்களுக்கு ஏதோ கிடைக்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு தங்களுடையது."

அரசருக்கு இது பிடித்துவிட்டது. "உமையாள்! அங்கே பழகுகிறவர்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது எதுவோ, அதில் என் பங்கைச் சபைக்குக் கொண்டு வா. முடியாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவேன்."

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து அவள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாள்தான் இந்தக் காத்திருப்பு.

உள்ளே அழைத்தார்கள். "வெறுங்கையோடு வந்திருக்கிறாயே, விகடக்காரி. பங்கு எங்கே?" என்றார் மழவராயர்.

"ஆசான் கொண்டுவந்திருக்கிறார், ஐயா."

அவளுக்குப் பின்னால் சிலம்ப ஆசான் காரி, மூங்கில் கம்போடு நின்றார்.

"அரசே, நேற்று நானே எண்ணினேன். பழகுகிறவர்களுக்குக் கிடைத்தது முப்பத்தாறு அடி. முதுகில் பதினெட்டு, முழங்காலில் பதினொன்று, மீதி விரல்களில். வேறொன்றும் கிடைக்கவில்லை. தங்கள் பங்கு ஆறு. அரண்மனைக்கு வருவதை வரி அதிகாரி பெற்றுக்கொள்வதுதானே வழக்கம்? ஐயா எந்த இடத்தில் பெற்றுக்கொள்கிறார் என்று சொன்னால் போதும்," என்றாள் உமையாள்.

அரசரின் மீசை அசையவில்லை. போயிற்று, என்று நினைத்தாள். கஞ்சிப் பானை போயிற்று, கூடம் போயிற்று, நானும்.

"என்ன திமிர்!" என்று மழவராயர் கத்தினார்.

"தரம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. பழைய சரக்கு இல்லை," என்றாள்.

ஆசான் கம்பை ஒருமுறை சுழற்றிக் காட்டினார். மழவராயர் துள்ளிப் பின்வாங்கித் தூணில் முட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அரசர் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே ஓலையை வரவழைத்து, அந்தக் கூடத்துக்கு எந்தக் காலத்திலும் வரி இல்லை என்று எழுதச் சொல்லி முத்திரை இட்டார். முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். அவள் ஓலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆனால் நேற்றைய பங்கு நேற்றையதுதான். அதை ஏன் விட வேண்டும்?" என்றார் அரசர். "மழவராயரே, திரும்பி நில்லும். உமையாள், கம்பை நீ வாங்கிக்கொள். ஆறும் உன் கையால்."

சபை ஆரவாரித்தது. முந்தாநாள் மழவராயர் பக்கம் நின்றவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர் மேல்துண்டை எடுத்துவிட்டுத் திரும்பினார். இத்தனை வருஷம் பயந்த மனிதரின் முதுகை அவள் பார்த்ததே இல்லை. எலும்பு தெரிந்தது. வலிக்குப் போட்ட பச்சிலைப் பற்று காய்ந்து உரிந்திருந்தது. காலையில் வீட்டில் யாரோ போட்டுவிட்டிருக்க வேண்டும்.

"ம், ஆரம்பி!" என்றார் அரசர்.

விகடமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு எதுவும் வரவில்லை.

"மாட்டேன், அரசே," என்றாள் மெதுவாக.