எண்ணெயில் தண்ணீர் ஊற்றியது யார்

“எண்ணெயில தண்ணி ஊத்தியிருக்கான். நீ எழுதிக் கொடும்மா.”

லாரி டிரைவர் சங்கத்தின் செயலாளர் வெள்ளைச்சாமி பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்டது இதுதான். அவர் கற்றுக்கொள்ள வந்தவர் அல்ல. கையெழுத்து வாங்க வந்தவர்.

மெக்கானிக் ஜொகரா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“யாரு ஊத்துனா?”

“சிங்கராயர். வண்டியோட டிரைவர்.”

“ஊத்துனதப் பாத்தீங்களா?”

“பாக்க வேற செய்யணுமா? போன வாரம் முதலாளிங்க சங்கத்து மேனேஜரோட உக்காந்து டீ குடிச்சிருக்கான். ரெண்டு சாட்சி இருக்கு.”

“டீக்குத்தான சாட்சி?”

“எல்லாத்துக்கும்தான்.”

ஜொகரா அடியிலிருந்து வெளியே வந்தாள். நாற்பது வயது. முழங்கை வரை கருப்பு. கையைத் துடைத்துக்கொண்டு, கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட சங்கத்து லாரியைப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டு டிரைவர்கள் சேர்ந்து வாங்கிய வண்டி அது. அந்த ஊரில் முதலாளி இல்லாமல் ஓடிய ஒரே லாரி. இப்போது அதன் இஞ்சின் எண்ணெய் மோர் போல வெளுத்துக் கிடந்தது. இதைப் பற்றிக் கமிட்டி மூன்று நாள் கூடிப் பேசியது. எண்ணெய்க்குள் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று கேட்க மட்டும் அந்த மூன்று நாளில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பொதுக்கூட்டம். சிங்கராயரை நீக்குவது ஒன்றே தீர்மானம். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர் என்பதால் எந்த முதலாளியும் அவருக்கு வண்டி கொடுப்பதில்லை. சங்கமும் நீக்கிவிட்டால் அவருக்கு ஊரில் ஸ்டியரிங் கிடையாது.

“எழுது. ‘தண்ணீர் ஊற்றப்பட்டது.’ ரெண்டே வார்த்தை.”

ஜொகரா டீ போடுகிற ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். அதன்மேல் ஒரு தகரத் தட்டை வைத்தாள். தட்டு காய்ந்ததும், தன் அலமாரியிலிருந்த நல்ல எண்ணெயை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டாள். அது சும்மா புகைந்தது.

சங்கத்து லாரியின் எண்ணெயை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். அது சடசடவென்று பொரிந்து தெறித்தது.

“பாத்தியா! தண்ணி!”

“தண்ணிதான்.”

“அப்ப எழுது.”

“தட்டு தண்ணின்னுதான சொல்லுச்சு. சிங்கராயர்னு உங்க காதுல மட்டும் விழுந்துச்சா?”

வெள்ளைச்சாமி பெருமூச்சு விட்டார். முப்பத்தொரு வருடம் கலெக்டர்களிடம் விட்ட அதே பெருமூச்சு. கலெக்டர்கள் எழுந்து போய்விடுவார்கள். இவள் போகவில்லை.

“வண்டிய எப்பக் கழுவுனீங்க? ஆயுத பூஜைக்கா?”

“ஆயுத பூஜையெல்லாம் எங்க சங்கத்துல கிடையாது.”

“சரி, கழுவவே இல்லையா?”

“மே தினத்துக்குக் கழுவுனோம்.”

“அது ஆறு மாசம் ஆச்சு. அந்தத் தண்ணி இல்ல.”

அடுத்து ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டினாள். பம்பில் ஒரு வட்ட மீட்டர் இருந்தது. காற்றை அடித்தாள். ஊசி பதினைந்தில் வந்து நின்றது.

“இஞ்சினுக்குள்ள எங்கயாவது கசிவு இருந்தா, ரேடியேட்டர் தண்ணி எண்ணெய்க்குள்ள இறங்கும். ஊசியும் இறங்கும். ஒரு மணி நேரம் பாருங்க.”

“நானா?”

“எனக்கு வேற வண்டி இருக்கு.”

வெள்ளைச்சாமி ஊசியின் முன் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு, கருங்காலிகள் எப்படி உருவாகிறார்கள் என்று பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, ஊசி.”

பார்த்தார். பிறகு, தொண்ணூற்றிரண்டு வேலைநிறுத்தத்தில் நடந்த துரோகத்தைச் சொன்னார்.

“அண்ணே, ஊசி.”

“உனக்கு வர்க்க விரோதின்னா என்னன்னு தெரியுமாம்மா?”

“தெரியாதுண்ணே. பதினஞ்சுன்னா என்னன்னு தெரியும். பதினஞ்சுலயே இருக்கா?”

“இருக்கு.”

ஒரு மணி நேரம் கழித்தும் பதினைந்திலேயே இருந்தது.

வெள்ளைச்சாமி துள்ளி எழுந்தார். “கசிவு இல்ல! உள்ள இருந்து வரல! அப்ப வெளிய இருந்து ஊத்துனதுதான!”

“வெளிய இருந்து வந்ததுதான்.”

“அதத்தான காலையில இருந்து கத்துறேன்! எழுது!”

“எண்ணெய வடிச்சிட்டுப் புது எண்ணெய் ஊத்தணும். முதல்ல போயி எண்ணெய் கொண்டாங்க. எழுதுறதுக்குக் காயிதம் ஓடிப் போகாது.”

“எங்க டிரம்ல இருக்கு. வண்டிக்கு எப்பவும் அதுலதான் ஊத்துறோம். நானே எடுத்துட்டு வாரேன். சாவி என்கிட்டதான். நாங்க எதையும் திறந்து போடுறதில்ல.”

மொபெட்டில் போனார். தன் கையாலேயே பூட்டைத் திறந்து, பம்பு வைத்து உறிஞ்சி, பத்து லிட்டர் கேனை நிரப்பி, மூடியை இறுக்கி, கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

ஜொகரா கேனைத் திறந்தாள். வண்டியில் ஊற்றவில்லை. ஸ்டவ்வை மறுபடியும் பற்ற வைத்தாள்.

“மறுபடியும் என்னத்துக்கு?”

ஒரு சொட்டு விட்டாள்.

சடசடவென்று பொரிந்தது. ஒரு துளி தெறித்து வெள்ளைச்சாமியின் வேட்டியில் விழுந்தது.

“இதுல யாருண்ணே தண்ணி ஊத்துனா?”

“இதுலயா? இது... இத நான்தான் எடுத்தேன்.”

“வழியில யாரும் தொட்டாங்களா?”

“யாரு தொடுவா? என் காலுக்குள்ளயே இருந்துச்சு.”

“அப்ப உங்க பேரையே எழுதிரவா? நீங்க இன்னும் டீ குடிக்கல. அது ஒண்ணுதான் குறை.”

வெள்ளைச்சாமி அவளை முறைத்தார். பிறகு கேனை முறைத்தார். வேறு யாரும் அங்கே இல்லை.

“டிரம்முக்குப் பூட்டு இருக்கும்மா.”

“டிரம் எங்க இருக்கு?”

“ஆபீஸ் வாசல்ல.”

“மேல கூரை?”

“வானம்தான்.”

“நிக்குதா, படுத்திருக்கா?”

“நிக்குது. ஏன்?”

“டிரம் தலையில ஓரம் எழும்பியிருக்கும். மழை பெஞ்சா தட்டுல நிக்கிற மாதிரி தண்ணி நிக்கும். பகல்ல டிரம் சுடும், உள்ள காத்து விரிஞ்சு வெளிய போகும். மழை விழுந்து குளுந்தா காத்து சுருங்கும். அப்ப மூடியச் சுத்தி நிக்கிற தண்ணிய உள்ள இழுத்துக்கும். தண்ணி அடியில போயித் தங்கும். உங்க பம்பும் அடியில இருந்துதான் உறிஞ்சும்.”

“பூட்டு போட்டிருக்கேங்கிறேன்!”

“மழை என்ன சாவி கேட்டா வருது?”

வெள்ளைச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எண்ணெய் டிரம்ம வெளிய வச்சா படுக்கத்தான்ணே வைக்கணும். இது லாரிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். உங்க சங்கத்துல ஒருத்தருக்குமா தெரியல?”

வெள்ளைச்சாமி வேட்டியில் விழுந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்தார்.

“வந்த அன்னைக்குப் படுக்கத்தான் வச்சிருந்துச்சு.”

“யாரு வச்சா?”

“சிங்கராயர்.”

“நிமித்துனது?”

“வாசல் கூட்டத்துல ஏறி நின்னு பேச ஒண்ணு வேண்டியிருந்துச்சு.”

ஜொகரா ஸ்டவ்வை அணைத்தாள்.

“அவரு ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னான். மழைக்காலம் வருது, நிமித்தாதீங்கன்னான். தலைமையோட பேச்சுக்கு இடைஞ்சல் பண்றான்னு கமிட்டியில கண்டிச்சோம்.” குரல் இறங்கியது. “மினிட்ஸ் நோட்டுல எழுதியிருக்கு.”

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“இப்ப என்னம்மா செய்யிறது? நீ இப்படி எழுதேன். ‘இயற்கைக் காரணங்களால்.’ யாருக்கும் சேதமில்ல. தீர்மானத்த ஒத்தி வச்சிரலாம். ஒரு விசாரணைக் குழு போடலாம். மூணு பேர் போதும்.”

ஜொகரா காகிதத்தை எடுத்தாள். காலையிலிருந்து அவர் கேட்ட காகிதம். ஒரே வரி எழுதினாள். கருப்பு விரல் பதிந்த அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

அவர் படித்தார். டிரம்மைப் படுக்க வைத்தவர் சிங்கராயர், நிமிர்த்தி வைத்தவர் செயலாளர், தண்ணீர் மழையுடையது.

“இத எப்படிம்மா நான் கூட்டத்துல வாசிக்கிறது?”

“சத்தமா.”

ஐந்து மணிக்கு ஆபீஸ் வாசலில் எல்லோரும் கூடினார்கள். டிரம் சுவரோரமாகப் படுத்துக் கிடந்தது. உருளாமலிருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருந்தது.

வெள்ளைச்சாமி தரையில் நின்றார். எப்போதும் எதன் மேலாவது ஏறி நின்றே பேசியவர். அவர் இவ்வளவு குள்ளம் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

காகிதத்தைப் பிரித்து வாசித்தார்.

“கேக்கல!” என்றது பின்வரிசை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

“ஆளே தெரியல! யாருய்யா அங்க பேசுறது?”

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த சிங்கராயர் எழுந்தார். பின்னால் திரும்பினார்.

“நம்ம செயலாளர்தான்யா. சத்தம் போடாமக் கேளுங்க.”