பேட்ஜ் இல்லாத பாவாடை

"கிடைச்ச வேலைய வேணாம்னு சொல்லலாமாக்கா?" என்று கேட்டாள் பூர்ணிமா.

கேட்டது மோகினியிடம். பஸ் ஸ்டாண்டில் ஊசி பாசி விற்றுக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவள் மோகினி. நரிக்குறவர் காலனிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துப் போய், கல்லூரிக்குள்ளும் தள்ளிவிடுகிறவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு உத்தியோகம் இல்லை. இருந்தாலும் பூர்ணிமா உட்படக் காலனி மொத்தத்துக்கும் அவள் டீச்சரக்கா.

"என்ன வேலைக்கு எடுத்தான்?"

"ரிசப்ஷன். ஓட்டல் படிப்பு படிச்சவங்க அத்தனை பேர் வந்திருந்தாங்க. என்னத்தான் எடுத்தாங்க."

"இப்ப என்னவாம்?"

பூர்ணிமா பையிலிருந்து ஒரு பாவாடையை எடுத்துப் போட்டாள். கண்ணாடி பதித்த சிவப்புப் பாவாடை. கூடவே ஒரு கொத்து மணிமாலை.

"இதக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்து பாசி கோக்கணுமாம். சம்பளம் அதேதானாம்."

மோகினி பாவாடையையே பார்த்தாள்.

"விட்டுட்டு வந்தா வீட்டுல கல்யாணந்தான்க்கா. அப்பா மாப்பிள்ள பாத்து வச்சிருக்காரு. நான் என்ன செய்யட்டும்?"

மோகினி எழுந்தாள். செருப்பை மாட்டினாள்.

"அத மடிச்சு எடு. வா."

கடலைப் பார்த்த பெரிய ஓட்டல். மேனேஜர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், சிரித்த முகமாகவே பேசினார்.

"உங்க கல்ச்சர்தானேம்மா. வெளிநாட்டுக்காரங்க இதப் பாக்கத்தான் வர்றாங்க. கவுண்டர்ல யாரு வேணா நிக்கலாம். வாசல்ல இந்தப் பொண்ணாலதான் முடியும்."

மோகினி பாவாடையை மேசைமேல் விரித்தாள். துணிக்கடையில் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதுல பேர் போட்ட பேட்ஜ் எங்க?"

"என்னது?"

"கவுண்டர்ல நிக்கிற பிள்ளைங்க எல்லாம் நெஞ்சுல குத்தியிருக்கே, அது."

"வாசல்ல இருக்கிறவங்களுக்கு அது கிடையாதும்மா."

"அப்ப இவள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"யாரும் கூப்பிட வேண்டாம். இந்தப் பொண்ணுதான் கூப்பிடணும். 'வாங்க சாமி, வாங்க சாமி'ன்னு. அதுதானே உங்க ஸ்டைல்?"

மோகினி காபியைத் தள்ளி வைத்தாள்.

"சாமி சாமின்னு நான் கூப்பிட்டுத்தான் சார் இவ பீஸ் கட்டினா. இவ கூப்பிட மாட்டா."

"கோவப்படாதீங்க."

"வேலைக்கு ஆள் பாத்தா, தெரிஞ்ச ஆளாப் பாருங்க. இவளுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. பாசிப் பெட்டியத் தொட்டா இவ ஆத்தா கையிலயே ஒண்ணு போடுவா, 'போயி புஸ்தகத்த எடுடி'ன்னு. வாசல் வேலைக்கு நான் வர்றேன். எனக்கு அனுபவம் ஜாஸ்தி. இவளக் கவுண்டர்ல போடுங்க."

மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"சரி. ஆறு மாசம் வாசல்ல இருக்கட்டும். அப்புறம் கவுண்டர் பத்திப் பேசுவோம்."

"ஆறு மாசத்துல, ஓட்டலுக்கு வர்றவன் கண்ணுக்கு இவள அங்கயே பாத்துப் பழகிப் போயிரும். அப்புறம் உங்க கண்ணுக்கும்."

"ஒரு மாசம்?"

"காய்கறியா சார் பேசுறோம்?"

"பாருங்கம்மா, உங்க ஆளுங்கள்ல இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். இத விட்டா..."

பூர்ணிமா எழுந்தாள். இதுவரை வாயே திறக்காதவள். மேசைமேல் கிடந்த பாவாடையை மடித்தாள். மணிமாலைகளை அதன்மேல் வைத்தாள். அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"என்னைய எடுத்தது ரிசப்ஷனுக்கு சார்" என்றாள்.

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் பூர்ணிமா கேட்டாள்.

"போச்சாக்கா?"

மோகினி நடந்தாள். பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"கூப்பிடுறாருக்கா!"

"கூப்பிடுவான். பாசி மூட்டையக் கட்டிட்டு எந்திரிச்சா கூப்பிடாத ஆளே கிடையாது. திரும்பாத."

"நிக்கச் சொல்றாருக்கா. பேசலாம்ங்கிறாரு."

"என்னன்னு கூப்பிடுறான்?"

பூர்ணிமா காதைத் தீட்டினாள். "'ஏம்மா, ஏ பொண்ணு'ன்னு."

"நட."

கேட் வந்தது. வாட்ச்மேன் சங்கிலியை அவிழ்த்தார். பின்னால் ஷூ சத்தம் ஓட்டமாக நெருங்கியது. பூர்ணிமாவின் கை மோகினியின் முந்தானையைப் பற்றியது.

"அக்கா, எனக்கு இந்த வேல வேணும். எப்பதான் திரும்புறது?"

"உனக்கு ஒரு பேர் இருக்குல்ல?" என்றாள் மோகினி. "அது அவன் வாயில வரட்டும்."