ஒரு குடம் கண்ணீர்

முன்னொரு காலத்தில் தன் மீசையின் மேல் உயிரையே வைத்திருந்த அரசன் ஒருவன் இருந்தான். கடற்கரை நாட்டு மன்னன் அந்த மீசையைப் பார்த்துச் சிரித்தானாம். யாரோ வந்து சொல்ல, அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த நாட்டுக் காசை இங்கே யாரும் தொடக் கூடாது, நம் காசும் அங்கே போகக் கூடாது" என்று தண்டோரா போட வைத்தான்.

உப்பு வருவது அங்கிருந்துதான். இங்கே நெய்த சேலைகளை வாங்குவதும் அந்த நாட்டார்தான். உப்பு வண்டி நின்றது, தறியும் நின்றது. இலையில் முதலில் உப்பு வைத்த பிறகே சோறு பரிமாறுவது அந்த ஊர் வழக்கம். அரண்மனை இலையிலும் அந்த மூலை காலியாகக் கிடந்தது. அரசன் வீம்புக்குச் சப்பென்ற சோற்றை விழுங்கினான்.

"தடையை நீக்கிவிடுங்கள், அரசே" என்றான் விகடகவி மருதப்பன்.

அவனைக் கண்டாலே ஆகாத கருவூலத் தலைவர் தாண்டவராயர் எழுந்தார். "எதிரி நாடே கதறும்போது இவனுக்கு என்ன பரிவு? அங்கே போய் ஒரு குடம் கண்ணீர் கொண்டு வரட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

அரசனும் தலையாட்டினான்.

மறுவாரம் மருதப்பன் குடத்தோடு வந்தான். அரசன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது. "கண்ணீரேதான்!"

தாண்டவராயரும் சுவைத்துப் பார்த்தார். "ஏமாற்று வேலை! இது உப்பைக் கரைத்த தண்ணீர்!"

"உண்மைதான். அரசரின் இலைக்கே இல்லாத உப்பு எனக்கு எப்படிக் கிடைத்தது? என் மனைவியின் தோட்டைக் கொடுத்து, உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வாங்கினேன்."

காவலர்கள் போய்ப் பார்த்தபோது தாண்டவராயர் வீட்டில் உப்பு மூட்டைகள் கூரையைத் தொட்டன.

"எதிரியின் கண்ணீர் எங்கே?" என்றான் அரசன்.

"அந்த நாட்டுக்கும் போய் வந்தேன், அரசே. அந்த மன்னர் உப்பை வேறு நாட்டுக்கு விற்கிறார். கொஞ்சம் நஷ்டம்தான், ஆனால் அழவில்லை. அழுதது, கொல்லைப்புறத்தில் எனக்கு முன்னால் நின்ற நம் நெசவுக்காரி. தறியை விற்று ஒரு பிடி உப்பு வாங்கினாள். அந்தக் கண்ணீரைக் குடத்தில் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை."

அரசன் தலைகுனிந்தான். குடத்துத் தண்ணீரில் அவன் மீசை தெரிந்தது. இதற்காகவா இத்தனையும் என்று வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பும் வந்துவிட்டது. "அவன் சிரித்ததில் தப்பே இல்லை!"

தடை நீங்கியது. தாண்டவராயரின் மூட்டைகளை விற்ற பணத்தில் தறியும் தோடும் உரியவர்களிடம் திரும்பின.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"வரும் முதல் வண்டி உப்பு நெசவாளர் தெருவுக்குப் போகட்டும், அரசே."

"என் இலைக்கு?"

"தங்கள் வீம்பு இன்னும் ஒரு வேளைக்குத் தாங்காதா?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கும் அவன் உப்பில்லாமல்தான் சாப்பிட்டான்.