முதுகுல மண்ணு ஒட்டாத ராஜா

என்னடா, கதை கேக்க வந்த மூஞ்சிங்களா இது? ஒருத்தன் இப்பவே கொட்டாவி விடுறான். இன்னொருத்தன் என் தட்டுல இருக்கற அத்திப்பழத்தையே மொறச்சுப் பாக்குறான். எடுத்துக்கடா, ஆனா வாய மூடி மெல்லு. கொரிந்து துறைமுகத்துல மூட்டை தூக்குற பயலுகளுக்கு ஞானக் கதை எதுக்குன்னு கேப்பீங்க. நியாயம்தான். சொல்றவனும் ஒண்ணும் பெரிய ஞானி இல்ல. குஸ்திப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் இருந்துட்டு, காலையில எந்திரிக்க முடியாம ஓடிப்போய்ப் படகு தள்ளுனவன்.

எங்க தீவு பேரு ஹலோரா. அதுக்கு ராஜா அந்திகாரிஸ். நாப்பத்தஞ்சு வயசு. தூண் மாதிரி காலு, காளை மாதிரி கழுத்து. குஸ்தின்னா உசுரு.

வருஷா வருஷம் திருவிழாவுல குஸ்திப் போட்டி நடக்கும். உடம்பு பூரா எண்ணெய தடவிக்கிட்டு, பொட்டுத் துணி இல்லாம கோதாவுல எறங்கணும். முதுகுல மண்ணு ஒட்டிடுச்சுன்னா ஒரு தடவ விழுந்ததா கணக்கு. மூணு தடவ விழுந்தா தோல்வி.

ராஜா எறங்குவாரு. எதிராளிக்குத் திடீர்னு வயித்து வலி வந்துடும். அடுத்தவனுக்குக் கால் சுளுக்கிக்கும். மூணாவது ஆளுக்கு மாமியார் செத்துப்போயிருவா. அந்த மாமியார் மூணு வருஷத்துல மூணு தடவ செத்தா.

சண்டையே இல்லாம ஜெயிச்சா அதுக்குப் பேரு 'தூசி படாத வெற்றி'. கிரேக்க தேசம் பூரா அதுதான் பெரிய மரியாதை. ஆளப் பாத்ததுமே எதிரி ஓடிட்டான்னு அர்த்தம். கட்டியக்காரன் தொண்டை கிழியக் கத்துவான். பாட்டுக்காரன் பாட்டுக் கட்டுவான். சிற்பி பளிங்குக் கல்லு கொண்டாந்து எறக்குவான்.

மூணாவது வருஷம் ஜெயிச்ச மாலைய தலையில வச்சுக்கிட்டே ராஜா எங்க வாத்தியாரத் தேடி வந்தாரு.

வாத்தியார் பேரு தோரியோன். ராஜாவுக்கும் குஸ்தி சொல்லிக் குடுக்கறவரு, ஆனா ராஜாவ விடப் பத்து வயசு சின்னவரு. ஒரு கால் லேசா நொண்டும். அதிகம் பேச மாட்டாரு. நான் பள்ளிக்கூடத்துல சேந்த அன்னைக்கு எங்கிட்ட அவரு பேசுனது ஒரே வார்த்தை, "நில்லு." ரெண்டு வருஷம் கழிச்சு நான் ஓடுன அன்னைக்கும் அதேதான் சொன்னாரு. அந்தத் தடவ நான் கேக்கல.

ராஜா தேடி வந்த அன்னைக்கு அவரு கோதா மண்ணக் கொத்தி விட்டுக்கிட்டு இருந்தாராம்.

"வாத்தியாரே, வர்ற கோடையில ஒலிம்பியா போட்டி. பேரு குடுக்கணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ராஜா."

"எனக்குக் குஸ்தி தெரியுமா?"

வாத்தியார் மண்வெட்டிய கீழ வச்சாரு.

"இத்தன வருஷமா நீங்க இதக் கேக்கவே இல்லையே."

"இப்பக் கேக்குறேன். அங்க எதிர்ல நிக்கப்போறவன் எவனும் என் ஊர்க்காரன் இல்ல. எவனுக்கும் வயித்து வலி வராது. அத்தன ஊர் ஜனம் முன்னாடி மூணு தடவ மல்லாக்க விழுந்தேன்னா, ஹலோராவுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பி வருவேன்? சொல்லு, தெரியுமா தெரியாதா?"

"தாடிய எடுத்துருங்க."

"என்னது?"

"தாடிய வழிச்சிருங்க. நாளைக்கு அக்கரையில திராட்சை அறுவடைக்குப் போட்டி வச்சிருக்காங்க. போவோம்."

நான் இதுல மாட்டுனது இப்படித்தான். படகு என்னுது. விடிஞ்சதும் ரெண்டு பேரு வந்து ஏறுனாங்க. ஒருத்தர் வாத்தியார். இன்னொருத்தர் யாரோ மொழுமொழுன்னு ஒரு மாமா. "நடுவுல உக்காருங்க மாமா, உங்க எடைக்குப் படகு சாயுது"ன்னேன். அவரு திரும்பிப் பாத்தாரு. அந்தக் கண்ண எங்க தீவுல எல்லாருக்கும் தெரியும். ராஜா!

"இவரு பேரு பாத்தோஸ்"னாரு வாத்தியார். "வெங்காய வியாபாரி. வேற எதுவும் உனக்குத் தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"சரிங்க வாத்தியாரே."

வாயக் கட்டணும்னுதான் பாத்தேன். முடியல.

"வெங்காயம்லாம் நல்லாப் போகுதுங்களா?"

"போகுது"ன்னாரு ராஜா. "பேசாம இருக்கறவனுக்கு ரெண்டு சேத்தே குடுக்குறேன்."

அக்கரையில அவருக்கு ஊதாச் சால்வை இல்ல, காவக்காரங்க இல்ல, தாடி இல்ல. கடைசியில துணியும் இல்ல. அம்மணமா வரிசையில நின்னா ராஜாவாவது, வெங்காயமாவது!

சீட்டுக் குலுக்குனாங்க. ராஜாவுக்கு எதிரா வந்தவன் பேரு கோர்தியாஸ். ஆட்டுப்பால்ல பாலாடைக்கட்டி பண்றவன். அவன் நிக்கற எடத்த வச்சே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லிடலாம்.

"என்ன பெருசு, பேரப்புள்ளைங்களுக்கு விளையாட்டுக் காட்ட வந்தியா?"ன்னான்.

யாரும் அவரப் 'பெருசு'ன்னு கூப்பிட்டதே இல்ல. ராஜா சுத்தி முத்திப் பாத்தாரு, வேற யாரையோ கூப்பிடுறான்னு நெனச்சு.

மொதப் பிடி. கோர்தியாஸ் அவரு இடுப்பக் கட்டித் தூக்கி, தயிர்ப்பானையக் கவுக்குற மாதிரி கவுத்தான். தொப்புன்னு சத்தம். முதுகு பூரா செம்மண்ணு.

ராஜா எந்திரிக்கல. மல்லாக்கப் படுத்துக்கிட்டு வானத்தையே பாத்தாரு. எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு. நெஜமாவே, மத்தவங்களுக்கு வந்த மாதிரி இல்ல.

"பெருசு, போய்ச் சேந்துட்டியா?"

"இல்லடா. இரு, வர்றேன்."

ரெண்டாவது பிடி ரொம்ப நேரம் இழுத்துச்சு. தலையும் தலையும் முட்டிக்கிட்டு, ரெண்டு உழவு மாடு மாதிரி மூச்சு விட்டாங்க. திடீர்னு ராஜா குனிஞ்சாரு, அவன் தொடைக்கு அடியில தோளக் குடுத்தாரு, ஒரு திருப்பு. கோர்தியாஸ் பறந்து போய் விழுந்தான். ஜனம் ஓன்னு கத்துச்சு. வாத்தியார் மட்டும் கத்தல. தாடையச் சொறிஞ்சுக்கிட்டாரு.

மூணாவது பிடியில கோர்தியாஸ் பழி தீத்தான். விலாவுல முட்டி, காலத் தட்டி, மறுபடி முதுகு மண்ணுல. ராஜாவுக்கு ரெண்டு ஆச்சு. இன்னொண்ணு விழுந்தா தீந்துச்சு. ரெண்டு பேரும் மூச்சு வாங்க ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குனாங்க.

நாலாவது பிடி. ராஜா கை வச்சாரு. கோர்தியாஸ் சரிஞ்சான். கொடியிலேருந்து ஈரத்துணி நழுவுற மாதிரி சும்மா சரிஞ்சான். முதுகுல மண்ணு. ஜனம் கை தட்டுச்சு. ரெண்டுக்கு ரெண்டு.

அஞ்சாவது. ராஜா அவன் மணிக்கட்டப் பிடிச்சாரு. அப்படியே நின்னாரு. அவன் முகத்தப் பாத்தாரு. அப்புறம் பிடிய விட்டுட்டு, ஆள்காட்டி விரல மேல தூக்குனாரு.

விரல் தூக்குனா 'தோல்விய ஒத்துக்கறேன்'னு அர்த்தம்.

"ஐயா, வேண்டாங்க ஐயா! நீங்க போய்..."ன்னு பதறுனான் கோர்தியாஸ்.

"பெருசுன்னே கூப்பிடு"ன்னாரு ராஜா. அவன் முதுகத் தட்டிக் குடுத்துட்டு கோதாவ விட்டு வெளிய வந்தாரு.

உச்சி வெயில்ல படகத் திருப்புனோம். வாத்தியார் வளைஞ்ச வெண்கலத் தகட்ட எடுத்து, ராஜா உடம்புல இருந்த எண்ணெயையும் மண்ணையும் வழிக்க ஆரம்பிச்சாரு. கையி, காலு, நெஞ்சு.

"முதுக விட்டுரு"ன்னாரு ராஜா.

விட்டுட்டாரு.

"வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல நீயும் எனக்கு விட்டுக் குடுத்தியா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"நீங்க வந்த நாள்லேருந்து. எனக்கும் கழுத்து ஒண்ணுதான் ராஜா."

நான் துடுப்புப் போடுறத நிறுத்திட்டேன். குதிச்சு நீந்துனா எந்தக் கரை கிட்டன்னு பாத்தேன்.

ராஜா சிரிச்சாரு. தண்ணி உள்ள வர்ற அளவுக்குப் படகு ஆடுச்சு, அப்படிச் சிரிச்சாரு.

"சரி, நேத்து கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. எனக்குக் குஸ்தி தெரியுமா?"

"கடைசியில ஏன் விரலத் தூக்குனீங்க?"

"அவன் பிடி செத்துப்போச்சு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பிடிச்ச கைக்குத் தெரியாதா?"

"மூணாவது பிடி?"

"அது உசுரோட இருந்துச்சு. இங்க பாரு, விலாவ அசைக்க முடியல."

"ரெண்டாவது? நீங்க அவனத் தூக்கிப் போட்டது?"

ராஜா தன்னோட ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. யாரோ புதுசாக் குடுத்த மாதிரி பாத்தாரு.

"அதுவும் உசுரோடதான் இருந்துச்சு"ன்னாரு, மெதுவா.

வாத்தியார் தகட்டக் கடல்ல அலசிக்கிட்டே கேட்டாரு.

"அப்ப இத ஏன் எங்கிட்ட கேக்குறீங்க?"

கரை வந்துச்சு. ராஜா எறங்குனதும், முதுகு மண்ணோடயே, ஒலிம்பியாவுக்குப் பேரு குடுக்கக் கட்டியக்காரன் வீட்டுப் பக்கம் நடந்தாரு.

மூணாவது பிடியில அவரு விழுந்ததும் கோர்தியாஸ் காதுல போய், 'அது எங்க ராஜாடா'ன்னு சொன்னது நான்தான். அவரு ஜெயிக்கணும்னு ஆசையெல்லாம் இல்ல. தோத்த ராஜாவப் படகுல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போகணுமேன்னு பயந்துட்டேன், அவ்வளவுதான்.